சாவா மூவாத் திருநந்தவனம்

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படிப்போர் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரைப் பன்முறை காண்பர். திருக்கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகள் அளிப்பது அக்காலத்துப் பெருவழக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடு மூக்கும், சாகும். ஆயினும் அதன் குட்டி அதன் இடத்தில் வந்து நிற்கும். ஆதலின் கணக்கில் 96 என்றும் குறையாது. கொடுத்தவர் மறைந்து, பெற்றவரும் மறைந்த பின்னும் விளக்கு எரிய வழி செய்த அறிவு இது.

விளக்குக்கு இவ்வாறு வழிகண்ட ஆன்றோர் மலருக்கு யாது செய்தனர்? மலர் ஒரு பகலில் வாடுவது. ஆகவே பூ விளையும் நிலத்தையே அவர்கள் இறைவனுக்கு அளித்தனர். கல்வெட்டுக்களில் இது ‘திருநந்தவனப்புறம்’ எனப்படும். அந்நிலத்தின் விளைவு தோட்டம் செய்வார்க்கும், பூப் பறிப்பார்க்கும், திருப்பள்ளித்தாமம் தொடுப்பார்க்கும் உணவும் உடையும் ஆயிற்று. ‘சந்திராதித்தவற்’ என்று, ஞாயிறும் திங்களும் உள்ளவரை என்று, காலம் குறித்தனர். கூர்ந்து நோக்கின், அறம் செய்தோர் நிலைநிறுத்தக் கருதியது மலரை அன்று, மலரை விளைவிக்கும் உழைப்பையே என்பது புலனாகும். (நந்தா விளக்கும் நந்தவனமும் ஒலியால் ஒத்தவையே; பொருளால் வேறு. முன்னது அவியாத விளக்கு. பின்னது இந்திரனது நந்தன வனத்தின் பெயர்வழி வந்தது.)

இவ்வுழைப்பை வேந்தரும் வணிகரும் பிறர்க்கு ஏற்பாடு செய்தனர். அடியார்களோ தம் கையாலேயே செய்தனர். வில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்து மாலை கட்டியவர்கள். இராமாநுசரின் ஆணையை ஏற்றுத் திருமலைக்குச் சென்ற அனந்தாழ்வான், தோட்டத்துக்கு நீர் வேண்டி ஏரியும் வெட்டினார் என்பது வைணவ மரபு. திருப்புகலூர் முருக நாயனார் பொழுது புலருமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து வந்ததைச் சேக்கிழார் பாடியுள்ளார்.

இந்நால்வகைப் பகுப்பு பூக்கூடைக்கு உரியது மட்டுமன்று. பயிர் செய்வோனுக்கும் உரியதே. எல்லாப் பூவும் எல்லாரும் விரும்பியவாறு நட்டுக்கொள்ளக் கூடியனவாகவும் அக்காலத்தில் இருக்கவில்லை. தமனகம், மருவு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் முதலியவற்றை நடும் உரிமை, அரசன் வழங்கும் சலுகைகளுள் ஒன்றாகச் சோழர் செப்பேடுகளில் எண்ணப்படுகிறது. ஒரு செங்கழுநீர்க் கிழங்கை ஊன்றுவதற்கு அரசன் ஆணை வேண்டியிருந்தது என்பதை எண்ணின், இன்று எந்த வீட்டு முற்றத்திலும் தடையின்றிப் பூக்கும் செடிகளின் அருமை விளங்கும்.

இன்றோ பல ஊர்களில் நந்தவனம் என்பது கல்லில் எழுதிய பெயராக மட்டுமே எஞ்சியுள்ளது. மாலை கடைவீதியிலிருந்து வருகிறது. இந்நிலையில், ஆண்டுதோறும் அழியாது நின்று பூக்கும் செடிகளை இல்லத்தில் வைத்து, அவற்றின் வித்தையும் காத்துக்கொள்ளும் அன்பர்களே பழைய ஏற்பாட்டின் எஞ்சிய கண்ணியாவர்.

சங்குபுஷ்பத்தைக் காண்க. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் கருவிளை எனக் கூறியது இதனையே என்பர். வேலியில் ஏறிவிட்டால் சில ஆண்டுகள் நீலமும் வெண்மையுமாகப் பூக்கும். காய் பச்சையாக இருக்கையில் பறித்தல் பயனற்றது. கொடியிலேயே பழுப்பேறி உலர்தல் வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெயிலில் காய் முறுக்கிக்கொண்டு வெடித்து வித்தைச் சிதறிவிடும். தோல் கடினமாதலின் விதைக்குமுன் ஓரிரவு நீரில் ஊறவைப்பர். கனகாம்பரமோ நீர் பட்டால் வெடிப்பது. முதிர்ந்த கதிரில் ஒரு தூறல் விழின் போதும், வித்து நாற்புறமும் தெறிக்கும். ஆகவே மழைக்குமுன் உலர்ந்த கதிரைக் கொய்து துணியால் மூடி வைப்பர். பவழமல்லியின் தட்டையான காயில் இரண்டு வித்துக்களே இருக்கும். உதிர்ந்த மலர் பூசைக்கு ஆகாது என்னும் விதிக்கு விலக்காக நிற்கும் பூ இது. திருக்களரில் இறைவன் பாரிசாதவனேசுவரர் என்றே பெயர் பெற்றான்.

எல்லாச் செடியும் வித்தால் வளர்வதில்லை. அடுக்கு நந்தியாவட்டையும் குண்டுமல்லியும் பெரும்பாலும் வித்துப் பிடிப்பதில்லை. போத்து நட்டோ பதியன் போட்டோ கைமாறி வந்தவை அவை. மஞ்சள் அரளி எளிதில் முளைப்பதாயினும் அதன் வித்து கொடிய நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் காயைத் திரட்டி வைத்தல் தகாது. மஞ்சள் அரளியும் அந்திமந்தாரையும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாக உடையவை. 1492-க்குப் பின்னரே அவை கடல் கடந்தன. இராசராசன் காலத்து நந்தவனத்தில் அவை இல்லை. வந்த வித்தை யாரோ ஒருவர் முற்றத்தில் ஊன்றி, மீண்டும் வித்தெடுத்து அண்டை வீட்டுக்குக் கொடுத்ததனாலேயே இன்று அவை ஊர்தோறும் உள்ளன.

சேர்த்த வித்தை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து மட்கலத்தில் வைத்தல் நம் இல்லங்களின் பழைய முறை. ஈரமே வித்துக்குப் பகை. காகிதப் பொதியின்மீது பூவின் பெயரும் எடுத்த மாதமும் எழுதி வைத்தல் நன்று; வெண்சங்கும் நீலச்சங்கும் வித்தால் வேறுபடுத்தி அறிதல் அரிது.

ஒரு குடமுழுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 12 ஆண்டுகள் என்பது வழக்கு. துளசி சில ஆண்டுகளில் மூத்துவிடும். இன்று மாடத்தில் உள்ள செடி அடுத்த குடமுழுக்கைக் காணாது. உலர்ந்த கதிரை உள்ளங்கையில் கசக்கி, விழும் பொடி வித்தை மேல்மண்ணில் தூவி வந்தால், அதன் நான்காம் தலைமுறையோ ஐந்தாம் தலைமுறையோ அன்று திருவடியில் சேரும்.