ஆனைமலையில் இரு மரநடுகைகள்: தேக்கு முதல் மழைக்காடு வரை

முன்னுரை

மரம் நடுதலை ஐயத்திற்கிடமில்லாத நற்செயலாகக் கருதுவது நம் வழக்கம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையே காட்டின் வளர்ச்சியாகவும் கணக்கிடப்படுகிறது. கோவை மாவட்டத்து ஆனைமலையின் வரலாறு இக்கணக்கை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அம்மலையில் மரநடுகை இருவேறு காலங்களில், இருவேறு நோக்கங்களுடன் நிகழ்ந்துள்ளது. ஒன்று மரத்திற்காக நட்டது. மற்றொன்று காட்டிற்காக நடுவது. இவ்விரண்டின் வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெட்டுதலும் நடுதலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்திற்கு அனுப்பப்பட்டது. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே ‘டாப்சிலிப்’ எனப் பெயர்பெற்றது. தேக்கு அருகியபின் அதனை மீண்டும் வளர்க்கும் முயற்சி தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய வன அதிகாரி ஹியூகோ வுட், வெட்டிய அடிமரத்திலிருந்து மறுதளிர் வளரவிடும் முறையைக் கையாண்டார். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை இன்றும் அத்தேக்கு மரங்களுக்கிடையே உள்ளது.

தேக்கு இம்மலைக்கு அயல் மரமன்று. இலையுதிர்காட்டில் இயல்பாக வளர்வது. ஆயினும் பல மரங்களோடு கலந்து நிற்கும் தேக்கும், ஒரே வயதில் நிரையாக நிற்கும் தேக்கும் ஒன்றல்ல. பின்னது மரவிளைச்சலுக்குரிய நிலம். எனவே மண்ணுக்குரிய மரம் என்ற தகுதி மட்டுமே ஒரு நடுகையைக் காடாக்கிவிடாது.

தேயிலைக்கிடையே எஞ்சியவை

டாப்சிலிப்புக்குத் தெற்கே உயர்ந்துள்ள வால்பாறை மேட்டுநிலத்தில் மாற்றம் இதனினும் கடுமையானது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பகுதியில் 1890கள் முதல் மழைக்காடு பெருமளவில் அழிக்கப்பட்டுக் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. சமவெளியிலிருந்து கங்காணிகள் வழி அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் நோயையும் குளிரையும் தாங்கி அவ்வேலையைச் செய்தனர். இங்கும் மரங்கள் நடப்பட்டன: நிழலுக்கு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக், விறகுக்குத் தைலமரம். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மலை பசுமையாகவே தோன்றிற்று.

செங்குத்தான சரிவுகளிலும், ஏலமும் காப்பியும் பயிரிட நிழல் தேவைப்பட்ட இடங்களிலும் மழைக்காட்டுத் துண்டுகள் எஞ்சின. 1976இல் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டபோதும் தனியார் தோட்டங்களுக்குள் இருந்த இத்துண்டுகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. 2007இல் சரணாலயப் பகுதி புலிகள் காப்பகமாயிற்று. விலங்குகளோ இவ்வெல்லைகளை அறியா. யானைகள் ஆற்றோரக் காடுகளைப் பற்றியே மேட்டுநிலத்தைக் கடக்கின்றன. மரக்கிளை வழியே செல்லும் சிங்கவால் குரங்கு, கிளைத்தொடர் அறுந்த இடத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேர்கிறது.

மீளமைப்பின் முறை

துண்டுக்காட்டைத் தானே வளரட்டும் என விட்டுவிடலாகாதா என்னும் வினா இயல்பானது. சில இடங்களில் அது போதும். ஆனால் உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் இளங்கன்றுக்கு ஒளி கிட்டுவதில்லை. பெருங்காட்டிலிருந்து விலகிய துண்டுக்கு இருவாச்சி போன்ற விதை பரப்பும் பறவைகளின் வருகையும் குறைகிறது. வரும் விதைகளுள்ளும் காப்பி முதலிய அயல் தாவரங்களின் விதைகள் கலந்துவிடுகின்றன.

இந்நிலையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் 2000ஆம் ஆண்டையொட்டி மீளமைப்புப் பணியைத் தொடங்கினர். சாலையோரங்களில் உதிர்ந்த விதைகளைத் திரட்டி நாற்றங்காலில் வளர்த்தல், களைச்செடிகளுக்கிடையே தானே முளைத்த கன்றுகளைக் காத்துக் களையகற்றுதல், தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் பலவகைக் கன்றுகளைக் கலந்து நடுதல், பின்னர் அவற்றின் பிழைப்பைக் கணக்கெடுத்தல் என்பன அதன் படிநிலைகள். வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் போன்ற மரங்கள் இதில் இடம்பெறுகின்றன. வெடிப்பலாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் தெளிவானது: சிங்கவால் குரங்கின் முதன்மை உணவுகளுள் அதுவும் ஒன்று.

2019இல் இக்குழுவினர் வெளியிட்ட ஆய்வு, நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன நிலங்களை, நடாமல் விடப்பட்ட நிலங்களோடும் சிதையாத மழைக்காட்டோடும் ஒப்பிட்டது. நட்ட நிலங்களில் மர வகைகளும் கரிமச் சேமிப்பும் கூடியிருந்தன. எனினும் அவை முதுகாட்டை எட்டவில்லை. வெட்டச் சில நாள் போதுமாயிருந்த ஒன்றை மீட்க ஒரு தலைமுறையும் போதாது என்பதே இதன் பொருள்.

முடிவுரை

மீளமைக்கப்பட்ட நிலம் மேட்டுநிலத்தின் பரப்பில் மிகச் சிறிய பங்கே. தேயிலை நீங்கப்போவதுமில்லை, அதனை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களை விலக்கிய தீர்வு நீதியுமாகாது. ஆயினும் இரு துண்டுகளுக்கிடையே ஓர் ஆற்றங்கரை மீண்டும் மரம் மூடுமாயின், அந்தச் சிறுநிலம் தன் பரப்பினும் பெரிய பயனைத் தரும்.

இன்று ஓரிடத்தில் காடு அழிக்கப்படும்போது, வேறோரிடத்தில் இத்தனை கன்றுகள் நடப்படும் என்ற உறுதிமொழி ஈடாக முன்வைக்கப்படுகிறது. தேக்கும் சில்வர் ஓக்கும் நட்டவர்களும் கன்றுகளின் கணக்கைக் காட்டியிருக்க இயலும். ஆனைமலை வரலாறு வேறு மூன்று வினாக்களை எழுப்பச் சொல்கிறது: எந்த மரம், எந்த இடத்தில், எந்த உயிர் அவ்வழியே கடந்து செல்வதற்காக? இம்மூன்றற்கும் விடை கூறாத எண்ணிக்கை, எத்துணைப் பெரிதாயினும், காட்டின் கணக்காகாது.