நோயாளரை நாடிச் செல்லும் வானூர்தி

அளவெட்டியிலே ஒருவர்க்கு நோய் முற்றிவிட்டால், முன்னாளில் மாட்டு வண்டியைப் பூட்டுவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டொக்டர் சாமுவேல் கிறீன் வைத்தியம் பார்த்த மானிப்பாய், அவ்வூரிலிருந்து சில மைல் தூரமே. இன்றோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை அண்மையிலுள்ளது. 2018 முதல், 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வாசலுக்கே வருகிறது.

தெருவுள்ள ஊர்க்குரிய இப்பேறு நெடுந்தீவாருக்கு இல்லை. அங்கே கடுநோயுற்றவரைப் படகிலேற்றிக் கடல் கடத்தல் வேண்டும். அது இயலாவிடின், விமானப்படையின் உலங்கு வானூர்தி, அதாவது ஹெலிகொப்டர், சென்று ஏற்றிவருவதுண்டு. ஆயினும் படகை மறிக்கும் காற்றும் மழையும் வானூர்தியை மட்டும் வாழ்த்தி அனுப்புமோ? போவதா, பொறுப்பதா என்னும் இவ்வினா எண்பதாண்டு வரலாறுடையது.

1944 ஏப்பிரலில், பர்மாவிலே யப்பானியரின் அணிகளுக்குப் பின்னால் ஓர் அமெரிக்க விமானியும் மூன்று பிரித்தானியப் படைவீரரும் அகப்பட்டுக்கொண்டனர். காட்டர் ஹார்மன் என்னும் இளம் அதிகாரி சிக்கோர்ஸ்கி உலங்கு வானூர்தியொன்றில் அவர்களை மீட்கச் சென்றார். அவ்வூர்தியோ ஒரு வேளைக்கு ஒருவரையே சுமக்க வல்லது. வெப்பமிக்க நாட்டில் காற்றின் அடர்த்தி குறைதலால் அந்த வலிமையும் குன்றும். இருவரை மீட்டபின் இயந்திரம் கொதித்துவிட்டது. ஹார்மன் ஆற்றுமணற்றிட்டிலே இரவைக் கழித்து, மறுநாளே மற்ற இருவரையும் கொணர்ந்தார். பகைவர் சூழ்ந்திருந்தும் இயந்திரம் ஆறும்வரை அவர் காத்திருந்தது நினைக்கத்தக்கது.

கொரியப் போரிலே படுகாயமுற்றோர் ஆயிரக்கணக்கில் இவ்வாறு காப்பாற்றப்பட்டனர். நோயாளியை ஊர்தியின் வெளிப்புறத்திலே கட்டிலோடு பிணைத்துச் சென்றமையால், வழியில் வைத்தியம் செய்யவியலாது. இரவிலே பொதுவாகப் பறப்பதுமில்லை. 1970இல் மியூனிக் நகரிலும், 1972இல் அமெரிக்காவின் டென்வர் நகரிலும் குடிமக்களுக்கான சேவைகள் தோன்றின. ஊர்திகள் திறன் பெற்றன; இரவுப் பறப்பும் வழக்கமாயிற்று. விபத்தும் கூடவே வந்தது.

2002 சனவரி முதல் 2005 சனவரி வரை அமெரிக்காவில் அவசர மருத்துவ வானூர்திகள் 55 விபத்துக்களுக்குள்ளாகி 54 பேர் மாண்டனர். அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2006இல் இவற்றை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையிலே வியப்பூட்டும் செய்தியொன்றுண்டு. பெரும்பாலான விபத்துக்கள் ஊர்தியில் நோயாளி இல்லாத வேளையிலேயே நேர்ந்தன! நோயாளி ஏறாதவரை அதனைச் சாதாரணப் பறப்பாகக் கொண்டு, வானிலை பற்றியும் விமானியின் ஓய்வு பற்றியும் தளர்ந்த விதிகளையே சட்டம் விதித்திருந்தது. உள்ளே தாதியும் வைத்தியரும் இருந்தனரே, அவர்களுடையவை உயிர்களல்லவா? மருத்துவப் பணியாளர் இருக்கும்போதெல்லாம் கடுமையான விதிகளே செல்லும் என்ற கட்டளை 2014இலேதான் பிறந்தது. நிலத்தின் மேடுபள்ளத்தை முன்னறிவிக்கும் கருவியும் அக்கட்டளையாலேயே கட்டாயமாயிற்று.

இத்தகைய நிகழ்ச்சி இந்தியாவிலும் நேர்ந்தது. ரிஷிகேசத்து எய்ம்ஸ் மருத்துவமனையின் வானூர்தி, சேவை தொடங்கி ஓராண்டும் நிறையாமுன், 2025 மே 17ஆந் திகதி நோயாளியொருவரை ஏற்றக் கேதார்நாத்துக்குச் சென்று, தரையிறங்குகையில் வாற்பகுதி சிதைந்து வீழ்ந்தது. உள்ளிருந்த மூவரும் தெய்வாதீனமாய்த் தப்பினர்.

கருவிகளினும் நுட்பமான காப்பொன்றைச் சில சேவைகள் கைக்கொள்கின்றன. பறப்பதா என்று முடிவு செய்யும் வரை, நோயாளி குழந்தையா, முதியவரா, எத்துணை நேரம் தாங்குவார் என்பதை விமானிக்கு உரைப்பதில்லை. அவர் வானையும் தூரத்தையும் மட்டும் நோக்கி விடை தருவார். பின்னரும் குழுவில் ஒருவர் வேண்டாமென்றால் பயணம் நின்றுவிடும். கேட்பதற்கு ஈரமற்ற செயலாகத் தோன்றலாம். ஆனால் குழந்தையின் பெயரைக் கேட்ட விமானி மேகத்தின் கருமையைக் குறைத்தே மதிப்பிடுவார்; மனித இயல்பு அது.

விமானி மறுத்த இரவிலே நோயாளியைத் தாங்க வேண்டியது தீவின் சிறு வைத்தியசாலையே. அங்கே ஒட்சிசனும், ஏற்றற்குரிய குருதியும், பேற்று மருத்துவம் அறிந்த தாதியும் விடியும் வரை இருந்தாக வேண்டும்.