முத்திரை இல்லாத பழைய நகை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் முதல் போனஸ் வாங்கிய இளைஞர்கள் பலர் முதலில் வாங்குவது ஒரு மெல்லிய சங்கிலி. அதன் கொக்கியருகே உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் சில எழுத்துகளும் எண்களும் தெரியும். அதே கடைக்குப் பாட்டி கொடுத்த அட்டிகையை விற்க ஓர் அம்மாள் வருகிறார். அதில் ஒரு குறியும் இல்லை. "முத்திரை இல்லையே அம்மா, மாற்றுக் குறையும்" என்கிறார் கடைக்காரர். இந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை? 5 பவுன், அதாவது 40 கிராம் நகையை 22 காரட் என்று கொண்டால் அதில் 36.67 கிராம் சுத்தத் தங்கம். 20 காரட் என்றால் 33.33 கிராம்தான். ஏறக்குறைய 3⅓ கிராம் தங்கம் வாய்ச் சொல்லிலேயே மறைந்துவிடும்!

இந்தச் சிக்கல் நேற்று வந்ததன்று. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூரின் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை அனைவரும் அறிவர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு 'பொன் வாரியம்' ஒன்றும் அங்கே இருந்தது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. ஊரில் பொன்னைச் சோதிப்பவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விதி வகுத்த கல்வெட்டும் அங்கு உண்டு. பொன்னின் தரத்தை விற்பவனும் சொல்லக்கூடாது, வாங்குபவனும் சொல்லக்கூடாது, ஊர் நியமித்த மூன்றாமவன் சொல்ல வேண்டும் என்பதே இதன் கருத்து. இன்றைய ஹால்மார்க்கின் உயிர்நாடியும் இதுவே.

அவர்கள் சோதித்த கருவி உரைகல். கரிய கல்லில் நகையை உரசினால் ஒரு கோடு விழும். பக்கத்தில், மாற்றுத் தெரிந்த உரையாணியால் மற்றொரு கோடு இழுத்து நிறத்தை ஒப்பிடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் அளித்த பொன் 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. 'தண்டவாணி' என்னும் தரத்துக்கு எவ்வளவு தாழ்ந்தது என்றும் குறிக்கப்பட்டது. ஆனால் இந்த விவரமெல்லாம் கோயில் சுவரில் இருந்தது, நகையில் இல்லை. சுவரை விட்டு நகை நகர்ந்தால் சாட்சியும் போயிற்று.

சாட்சியை நகையின் மேலேயே பதித்தவர்கள் ஆங்கிலேயர். 1300 இல் முதலாம் எட்வர்டு மன்னர் சிறுத்தைத் தலை முத்திரையைச் சட்டமாக்கினார். 1363 முதல் செய்தவரின் குறியும் கட்டாயமாயிற்று. 1478 இல் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கு நகைகளைக் கொண்டு வந்து சோதிக்கும் முறையும், ஆண்டுக்கு ஓர் எழுத்து பொறிக்கும் வழக்கமும் வந்தன. ஆங்கிலத்தில் மண்டபம் 'ஹால்'. அங்கு இடப்பட்ட குறி 'ஹால்மார்க்'. இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் தாம் ஆண்ட இந்தியாவில் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. சென்னையின் ஓர் அண்டு சன்ஸ் போன்ற கம்பெனிகள் வெள்ளிப் பாத்திரங்களில் தம் பெயரைத்தான் பொறித்தன. அது செய்தவரின் வாக்குறுதியே அன்றி, சோதனைச் சான்று ஆகாது. பழம்பொருள் வாங்குவோர் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

சுதந்திர இந்தியாவில் தங்கக் கட்டுப்பாடு 1963 இல் வந்தது. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக்கூடாது என்றனர். பொற்கொல்லர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். 1966 இல் அந்தத் தடை நீங்கியது. தங்க நகைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் 2000 ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று. எனவே அந்த அம்மாளின் அட்டிகையில் முத்திரை இல்லாதது குற்றமே அன்று. அது பிறந்தபோது முத்திரையே பிறக்கவில்லை!

முத்திரை உள்ள நகையின் வயதை ஓரளவு நாமே கணிக்கலாம். 2000 முதல் 2016 வரை முத்திரையில் ஐந்து குறிகள் இருந்தன: அமைவனத்தின் முக்கோணச் சின்னம், தரத்தைக் காட்டும் எண், சோதனை நிலையக் குறி, ஆண்டெழுத்து, கடைக்காரர் குறி. 'ஏ' என்றால் 2000, 'பி' என்றால் 2001, 'ஜே' என்றால் 2008. 2017 ஜனவரியில் ஆண்டெழுத்து நீக்கப்பட்டு, 916 என்பதோடு 22 காரட் என்பதும் சேர்த்துப் பொறிக்கப்பட்டது. 2021 ஜூலையிலிருந்து சின்னம், தரம், ஆறு எழுத்தெண்கள் கொண்ட தனி அடையாளம் ஆகிய மூன்று மட்டுமே. 916 எங்கிருந்து வந்தது? 22 ஐ 24 ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள்.

முத்திரை இல்லாவிட்டாலும் மாற்றுக் குறைவு உண்மையாக இருக்கக்கூடும். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஏமாற்று அன்று, பற்றவைப்பு. பழைய ஆசாரி தங்கத்தோடு செம்பு கலந்த பொடியை வைத்து ஊதி இணைப்பார். பொடி தங்கத்தைவிட எளிதில் உருகினால்தான் வேலை நடக்கும். இணைப்புகள் மிகுந்த காசுமாலையை உருக்கினால் 22 காரட் தகடும் தரம் சற்று இறங்கித்தான் நிற்கும். பின்னர் செம்புக்குப் பதில் காட்மியம் வந்தது. அது 767 பாகை சென்டிகிரேடில் ஆவியாகிவிடுவதால் மாற்றுக் குறையவில்லை. அந்த ஆவியை மூச்சில் இழுத்தவரின் நுரையீரல்தான் விலை கொடுத்தது.

உண்மையை அறிய இரு வழிகள். ஊடுகதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் கதிர்களைக் கொண்டு உலோகங்களை அளப்பது ஒன்று. மின்னணுப் பாகங்களின் மெல்லிய தங்கப் பூச்சை அளக்கவும் இந்த முறை பயன்படுகிறது. நகை சேதமாகாது, ஆனால் மேற்பரப்பு மட்டுமே தெரியும். மற்றது நெருப்புச் சோதனை. சிறு துணுக்கை வெள்ளியுடனும் ஈயத்துடனும் உருக்கினால், ஈயம் செம்பு முதலியவற்றை இழுத்துக்கொண்டு கிண்ணத்தில் ஊறிவிடும். மிஞ்சும் மணியிலிருந்து வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். எஞ்சுவது தங்கம், அதை நிறுத்தால் போதும்.

கட்டாய ஹால்மார்க் சட்டம் 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் தொடங்கியது. அது கட்டுப்படுத்துவது விற்கும் வியாபாரியைத்தான், வீட்டிலுள்ள பழைய நகையை அன்று. அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் கட்டணம் செலுத்தி எவரும் தம் நகையைச் சோதித்துக்கொள்ளலாம். அந்த அம்மாள் அறிக்கைத் தாளோடு மறுபடி கடைக்கு வந்தால், பேச்சு எண்ணிலிருந்து தொடங்கும்.