தவறணைச் சுவரும் மெழுகுசீலையும்: பிரோஸ்மனியின் ஓவியங்கள் எஞ்சிய வரலாறு

ஓவியர் ஒருவரின் படைப்புக்கள் நிலைத்து நிற்றற்குக் கலைச்சிறப்பு மாத்திரம் போதுவதில்லை. ஜோர்ஜிய ஓவியர் நிக்கோ பிரோஸ்மனியின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். 1862 இல் கஹேத்திப் பகுதியின் மிர்ஸானிக் கிராமத்திற் பிறந்த இவர் எப்பள்ளியிலும் ஓவியம் பயின்றவரல்லர். திப்லிஸ் என அன்று வழங்கிய திபிலிசி நகரின் தவறணைகளுக்குப் பெயர்ப்பலகைகளும் படங்களும் தீட்டினார். உணவும் மதுவுமே பெரும்பாலும் கூலி.

கரிய மெழுகுசீலையில் தீட்டுவதே இவரது வழக்கம். கறுப்பு வேண்டிய இடத்தை வண்ணம் பூசாது விட்டுவிடுவார். படத்தின் இருள் சீலையின் இருளேயாம். மலிவான இச்சீலையே பின்னர் அவற்றைக் காத்தது எனலாம். சுவரில் நேரே தீட்டியவை அழிந்தொழிந்தன. சீலையைக் கழற்றிச் செல்ல முடிந்தது.

1912 இல் ஸ்தானேவிச் சகோதரரும் அவர்தம் நண்பர் லெ தந்துவும் இவற்றைக் கண்டு, தவறணை தவறணையாகத் தேடிச் சேர்க்கலாயினர். 1913 இல் மொஸ்கோக் கண்காட்சியொன்றிற் சில இடம்பெற்றன. ஆயினும் ஓவியருக்கு விடிவு கிட்டவில்லை. 1916 இல் செய்தித்தாளொன்றின் கேலிச்சித்திரம் அவரைப் பெரிதும் புண்படுத்தியது. 1918 இல் வறுமையில் மாண்டார். புதைத்த இடமும் திட்டமாகத் தெரியாது.

1920 இல் தேசிய ஓவியக்கூடத்தை நிறுவிய திமித்ரி ஷெவர்த்னாத்ஸே இவ்வோவியங்களை அரிதின் முயன்று திரட்டினார். அவரே 1937 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் திரட்டியவை தப்பின. 1969 இல் பாரிஸ் மக்களும் பிரோஸ்மனியைக் கண்டனர். எஞ்சியவை ஏறத்தாழ 200. பெரும்பாலானவை திபிலிசியிலும், சில அவர் பிறந்த கஹேத்தியின் சிக்னாகி நூதனசாலையிலும் உள. விருந்துண்போர் தலைக்குமேல் தொங்குதற்கென்றே தீட்டிய விருந்துக் காட்சிகளை இன்று காண்போர், உணவு மேசை எதுவுமற்ற கூடத்தில் நின்றே காண்கின்றனர்.