பால்மரமும் மருத்துவர் கையுறையும்

விடியுமுன் பேரட்டுக்கு எழுந்து, மரஞ்சீவி, மங்குகளில் நம் முன்னோர் வடித்தெடுத்த வெண்பால் உலகெங்கும் சென்று எத்தனையோ பொருள்களாக உருமாறியது. அவற்றுள் உயிர் காக்கும் பணியில் முன்னிற்பது மருத்துவர் அணியும் கையுறை. காக்க வந்த அக்கையுறையே சிலருக்குக் கூற்றுவனாக மாறிய வரலாறும் உண்டு. ரப்பரால் வாழ்ந்த சமுதாயம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்னும் தாதி பணியாற்றினார். கிருமி நீக்கப் பயன்பட்ட பாதரசக் கரைசல் அவருடைய கைகளைப் புண்ணாக்கியது. அது கண்ட அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரைக் கொண்டு மெல்லிய கையுறைகள் செய்வித்தார். 1890இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அணிபவரின் தோலைக் காக்கப் பிறந்த கையுறை நோயாளியையும் கிருமிகளிடமிருந்து காக்கிறது என்பதைப் பின்னரே உணர்ந்தனர்.

பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் 1876இல் இலண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றிலிருந்து மலாயாத் தோட்டங்கள் பெருகின. கையுறைக்கு வேண்டிய பாலும் பெருகியது.

பாலில் ரப்பரோடு மரத்தின் புரதங்களும் கலந்திருக்கின்றன. சிலருடைய உடல் அப்புரதங்களைப் பகையெனப் பதிவு செய்துகொள்கிறது. மறுமுறை அவை தீண்டும்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் குருதியில் பெருகுகின்றன. தோல் தடிக்கும்; மூச்சுக் குழல் சுருங்கும்; இரத்த அழுத்தம் சரியும்; உயிரும் போகலாம். இத்தகைய கடும் ஒவ்வாமை நிலையை 1902இல் ஆராய்ந்து விளக்கிய பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் ரிஷே, 1913இல் நோபெல் பரிசு பெற்றார்.

ரப்பர் ஒவ்வாமை குறித்து 1927இலேயே ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. 1979இல் பிரிட்டனில் கையுறை அணிந்த பெண் ஒருவருக்குத் தோல் தடித்ததை மருத்துவ ஏடு பதிவு செய்தது. ஆயினும் அவை அரிய நிகழ்ச்சிகளாகவே கருதப்பட்டன. எய்ட்ஸ் நோய் பரவிய பின், 1987இல், எல்லா நோயாளியர் குருதியையும் தொற்றுடையதாகவே கருதவேண்டுமென அமெரிக்க அரசு நிறுவனம் அறிவுறுத்தியது. கையுறைத் தேவை கட்டுக்கடங்காது உயர்ந்தது. அவசர உற்பத்தியில் புரதத்தைக் கழுவி நீக்கும் பணி குறைந்தது என்று ஆய்வாளர் பலர் கருதினர். கையுறையில் தூவிய மாவுத்தூளும் புரதத்தைச் சுமந்து காற்றில் பரப்பியது. 1988 முதல் 1992 வரை அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன; அவற்றுள் 15 உயிரிழப்புகள். குடலைப் படமெடுக்கச் செலுத்திய குழாயின் ரப்பர் உறையாலும் நோயாளியர் மாண்டனர். முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்து, பலமுறை அறுவைக்கு உள்ளாகிய குழந்தைகள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். நோய் தீர்க்கவேண்டிய அறையே அவர்களுக்கு ஆபத்தான இடமாயிற்று.

பரிகாரம் பிறந்தது. வெந்நீரில் நன்கு அலசி, குளோரின் நீரில் தோய்த்து, தூளின்றிச் செய்த கையுறைகள் வந்தன. அவற்றுக்கு மாறிய மருத்துவமனைகளில் புதிதாக ஒவ்வாமை கண்டோர் தொகை குறைந்தது. ரப்பர் கலந்த மருத்துவப் பொருள்களில் எச்சரிக்கை வாசகம் இருத்தல் வேண்டுமென 1998இல் அமெரிக்காவில் விதி நடைமுறைக்கு வந்தது. 2017இல் தூள் கையுறைகளே அங்குத் தடை செய்யப்பட்டன. மலேசிய ஆலைகளும் செயற்கை நைட்ரைல் கையுறைகளைப் பெருமளவில் செய்யலாயின.

குற்றம் மரத்தினுடையதும் அன்று. பாலெடுத்த கையினுடையதும் அன்று. ஒரு நோய்க்கு அஞ்சி ஓடிய வேகத்தில் மற்றொன்றை மறந்ததே பிழை. பலூன் ஊதினால் உதடு வீங்கும் மாணவர் எவரேனும் நம் வகுப்பில் இருக்கலாம். அதனைச் சிறு செய்தி என ஒதுக்காது, மருத்துவரிடம் முன்னரே சொல்லச் செய்வோம். அச்சிறு சொல் ஓர் உயிரைக் காக்கும்.