கண்ணாடியில் பூக்கும் பூஞ்சை

மழைக்காலம் வந்தால் தாணே வீடுகளில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். பெல்ட், ஷூ, அப்பளம், பட்டுப்புடவை என்று எதையும் விடாது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டில் அப்பாவின் பழைய யாஷிகா கேமராவை அலமாரியிலிருந்து எடுத்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. ஃபோர்ட்டில் ஒரு ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, "ஃபங்கஸ் சார். துடைத்துத் தருகிறேன், ஆனால் தடம் போகாது" என்றார்.

கண்ணாடியில் அதற்குச் சாப்பிட என்ன இருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைக் கொலாபாவில் இருக்கும் ஆப்கன் சர்ச் வரை இழுத்துக்கொண்டு போனது.

1838-42ல் நடந்த முதல் ஆப்கன் போரில் இறந்த சிப்பாய்களின் நினைவாகக் கட்டி, 1858ல் திறக்கப்பட்ட கோயில் அது. அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைச் செய்தவர் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் வெய்ல்ஸ். குளிர் நாட்டுக்காரர் செய்த ஜன்னலுக்கு இங்கே கிடைத்தது உப்புக் காற்றும், நான்கே மாதத்தில் 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையும்!

இந்தப் பிரச்சினை நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவின் பழைய மாதாகோயில்களில் கண்ணாடி மேல் லைக்கன் வளர்வதை 1920களிலேயே ஈத்தல் மெல்லர் என்ற பெண் ஆய்வாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். லைக்கன் வேறொன்றுமில்லை, நம் செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியின் சொந்தக்காரன்தான்.

பூஞ்சை நேரடியாகக் கண்ணாடியைத் தின்பதில்லை. தூசி, புறா எச்சம், ஜன்னல் புட்டியில் இருக்கும் எண்ணெய், இவைதான் அதன் சாப்பாடு. வளரும்போது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆக்ஸாலிக் போன்ற அமிலங்களையும் கக்குகிறது. ஈரமும் அமிலமும் சேர்ந்து கண்ணாடியிலுள்ள பொட்டாசியம், கால்சியம் போன்றவற்றை வெளியே இழுக்கின்றன. மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றன. மரச்சாம்பல் சேர்த்துச் செய்த இடைக்காலக் கண்ணாடியில் மணல்சத்து, அதாவது சிலிக்கா, பாதியளவுதான். அதனால் அது சீக்கிரம் அரிக்கும். இன்றைய ஜன்னல் கண்ணாடியில் அது 70 சதவீதத்துக்கு மேல்.

அப்படியானால் 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிக்குப் பயமில்லையா? கண்ணாடி ஓரளவு தாங்கும். அதன் மேல் தீட்டிய முகம், கை, துணி மடிப்பு தாங்காது. இந்தக் கோடுகளை ஒருவகைச் சாயத்தால் வரைந்து, சூளையில் சுட்டுத்தான் ஒட்ட வைப்பார்கள். குறைந்த சூட்டிலேயே ஒட்டட்டும் என்று அந்தக் கால இங்கிலாந்துப் பட்டறைகள் பல, சாயத்தில் போராக்ஸைக் கலந்தன. அப்படிக் கலந்த சாயம் ஈரம் பட்டால் வலுவிழந்து உதிரும். நீலமும் சிவப்பும் அப்படியே ஜொலிக்க, முகம் மட்டும் காணாமல் போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து நம் கையிலிருக்கும் துணி. பாசியைப் பார்த்ததும் அமிலமோ ப்ளீச்சோ போட்டு அழுத்தித் தேய்த்தால், பாசியோடு முகமும் போய்விடும். போனால் போனதுதான். அதனால்தான் பழுதுபார்ப்பவர்கள் முதலில் சாயம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லிய தூரிகையாலும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சாலும் அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்கிறார்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் வெளிப்புறம் இன்னொரு கண்ணாடி போட்டு, நடுவே காற்றோட்டத்துக்கு இடம் விடுகிறார்கள். ஈரம் தங்காவிட்டால் பூஞ்சையும் தங்காது.

மும்பையிலும் இந்தப் பொறுமை பலன் தந்திருக்கிறது. 1878ல் முடிந்த ராஜாபாய் கோபுரமும் அதையொட்டிய பல்கலைக்கழக நூலகமும் 2013க்கும் 2015க்கும் இடையில் புதுப்பிக்கப்பட்டன. வண்ணக் கண்ணாடிகளும் அதில் அடக்கம்.

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் கேட்வேயோடு திரும்பாமல், ஒரு காலை வேளையில் ஆப்கன் சர்ச்சுக்கும் கூட்டிப் போங்கள். பிள்ளைகளை ஜன்னலில் இருக்கும் முகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட மட்டும் விடாதீர்கள்.

அப்பாவின் யாஷிகா இப்போது காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. ரிப்பேர்காரர் சொன்னது சரிதான், தடம் போகவில்லை.