எவர்ட்டனில் ஒரு டேப் ரெக்கார்டர்: கால்பந்து கிளப்புகளும் பல்கலைக்கழகங்களும்

90 நிமிட மேட்ச்சில் ஒரு கால்பந்து ஆட்டக்காரர் எவ்வளவு தூரம் ஓடுகிறார்? இன்றைக்கு டிவியிலேயே போட்டுக் காட்டிவிடுகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் இந்தச் சாதாரணக் கேள்விக்கு உருப்படியான விடை கிடையாது. ஆளுக்கொரு எண் சொன்னார்கள். அந்த எண்களுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இங்கிலாந்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுவது 1885-லேயே அனுமதிக்கப்பட்டுவிட்டது. அதாவது கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் ஓடிய ஒரு தொழிலில், தொழிலாளி ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை செய்கிறார் என்பதற்கு நம்பகமான கணக்கு இல்லை.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தால், கால்பந்து கிளப்புகளும் பல்கலைக்கழகங்களும் கைகோத்த வரலாற்றுக்குள் போய்விடுவோம். லிவர்பூல், கீவ், ஸ்வீடனின் லின்ஷோப்பிங் என்று மூன்று ஊர்க் கதைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் அளக்கப்பட்டது ஆட்டக்காரரின் உடம்புதான். ஆனால் எதற்காக அளந்தார்கள், அளந்த எண் யார் கைக்குப் போனது என்பதில் மூன்றும் மூணு விதம்.

லிவர்பூல்: ஆட்டக்காரரும் ஒரு தொழிலாளி

1975-ல் லிவர்பூல் பாலிடெக்னிக் (இன்றைய லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம்) விளையாட்டு அறிவியலுக்கென்றே ஒரு தனிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிரிட்டனில் அதுதான் முதல். அதே வருஷம் அங்கே முனைவர் பட்டம் முடித்தவர் டாம் ரெய்லி என்ற அயர்லாந்துக்காரர். அவருடைய ஆய்வுத் தலைப்பைக் கவனிக்கணும்: தொழில்முறைக் கால்பந்தில் வேலை தரும் அழுத்தம் பற்றிய எர்கோனாமிக்ஸ் மதிப்பீடு.

எர்கோனாமிக்ஸ் என்பது வேலைக்கும் அதைச் செய்யும் உடம்புக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்கும் துறை. லேத் மெஷின் எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு வேணும் மாதிரியான கேள்விகள் அதில் வரும். ரெய்லி அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார். ஹீரோ, நட்சத்திரம் எல்லாம் அப்புறம். முதலில் இவர் ஒரு தொழிலாளி, இவருடைய வேலை என்ன, எவ்வளவு?

களம் பக்கத்திலேயே இருந்தது. எவர்ட்டன் அப்போது இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த கிளப். ஜிபிஎஸ் கிடையாது, கணினி கேமரா கிடையாது. ரெய்லியின் கருவி ஒரு டேப் ரெக்கார்டர். மேட்ச்சுக்கு ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, அவரை மட்டும் முழு நேரமும் பார்ப்பது. பந்து எங்கே போனாலும் கண் அவர் மேலேயே இருக்கணும். மைதானத்தின் கோடுகளையும் ஓரத்து அடையாளங்களையும் மனதில் வரைபடமாக வைத்துக்கொண்டு, நடக்கிறார், மெதுவாக ஓடுகிறார், பாய்கிறார், பின்னால் நகர்கிறார் என்று குறியீடாகச் சொல்லிச் சொல்லிப் பதிவு செய்வது. அப்புறம் அதைப் படப்பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. நம்ம ஐடி பாஷையில சொன்னா, வாயால எழுதின ஈவென்ட் லாக்.

ரெய்லியும் வான் தாமஸும் 1976-ல் இதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். கோல்கீப்பரைத் தவிர்த்த ஆட்டக்காரர்கள் சராசரியாக ஒரு மேட்ச்சில் கடந்த தூரம் 8,680 மீட்டர். இதில் மெதுவோட்டம் 37 சதவீதம், நடை 25, நல்ல வேக ஓட்டம் 20, முழுப் பாய்ச்சல் 11, பின்னோக்கி நகர்வது 7. பந்தோடு போன தூரம் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் 174 மீட்டர்கூட வராது. நாம் காசு கொடுத்துப் பார்க்கப் போவது அந்த நூற்றுச் சொச்சம் மீட்டரைத்தான், ஆட்டக்காரரின் வேலையில் பெரும்பகுதி மீதி எட்டரை கிலோமீட்டரில் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. ஆட்டக்காரர் சுமார் ஐந்தாறு விநாடிக்கு ஒரு தடவை தன் இயக்கத்தை மாற்றுகிறார். நடையிலிருந்து ஓட்டம், ஓட்டத்திலிருந்து பாய்ச்சல், திரும்பவும் நடை. அப்படியானால் ஒரே வேகத்தில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் பயிற்சி மேட்ச்சுக்கு எந்த அளவுக்கு உதவும்? நடுக்கள ஆட்டக்காரர்கள்தான் அதிக தூரம் ஓடுகிறார்கள், மத்தியத் தடுப்பாட்டக்காரர்கள் குறைவாக ஓடுகிறார்கள் என்றால், எல்லாருக்கும் ஒரே பயிற்சி எதற்கு? இன்றைய பயிற்சி அட்டவணைகளுக்குப் பின்னால் இருக்கும் பல கேள்விகள் இந்த எண்களிலிருந்து வந்தவைதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த முடிவுகள் ஆய்விதழில் அச்சானது. எவர்ட்டனின் எதிரணிக் கோச்சும் படிக்கலாம், வேற நாட்டு மாணவரும் படிக்கலாம். 1987-ல் கால்பந்து அறிவியலுக்கான முதல் உலக மாநாடு லிவர்பூலிலேயே கூடியது. 2009-ல் ரெய்லி காலமானார். அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் கட்டடம் இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கீவ்: ஜெயிப்பதற்கான ஆய்வகம்

அதே 1970-களில், இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் சோவியத் உக்ரைனில் இன்னொரு கூட்டணி நடந்துகொண்டிருந்தது. வலேரி லோபனோவ்ஸ்கி, டைனமோ கீவ் கிளப்பின் முன்னாள் ஆட்டக்காரர், பொறியியல் படித்தவர். 1969-ல் டினிப்ரோ அணிக்குக் கோச் ஆனார். அந்த ஊர் உடற்கல்வி நிறுவனத்தில் இருந்தவர் அனத்தோலி ஸெலென்ட்ஸோவ். உடம்பு எப்படி ஆற்றலைச் செலவழிக்கிறது, எப்படி மீட்டெடுக்கிறது என்பது அவருடைய துறை. லோபனோவ்ஸ்கி டைனமோ கீவுக்குப் போனபோது இந்தக் கூட்டணியும் கூடவே போனது.

லோபனோவ்ஸ்கிக்குக் கால்பந்து என்பது 22 பாகங்கள் கொண்ட ஒரு சிஸ்டம். பதினொன்று இந்தப் பக்கம், பதினொன்று அந்தப் பக்கம். எந்த நாளில் எவ்வளவு சுமை ஏற்றணும், சீசனின் எந்தக் கட்டத்தில் உச்சத்துக்கு வரணும் என்று முன்கூட்டியே மாடல் போட்டார்கள். எதிர்வினை வேகம், நினைவாற்றல், தாக்குப்பிடிக்கும் திறன் எல்லாவற்றுக்கும் சோதனை வைத்தார்கள்.

பலன் கிடைத்தது. 1975-ல் பாஸல் நகரில் ஃபெரென்ஸ்வாரோஷ் அணியை 3-0 என்று வீழ்த்தி டைனமோ கீவ் கப் வின்னர்ஸ் கோப்பையை எடுத்தது. அதே வருஷம் சூப்பர் கோப்பையில் பேயர்ன் மியூனிக்கை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்தது. ஓலெக் பிளோகின் 1975-ன் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

அடுத்த வருஷமே கதை திரும்பியது. டைனமோ கீவ் ஆட்டக்காரர்களே பெரும்பாலும் சோவியத் தேசிய அணியாகவும் ஆடினார்கள். கிளப் சுமை ஒரு பக்கம், தேசிய அணிச் சுமை ஒரு பக்கம். 1976-ல் ஐரோப்பியக் கோப்பையில் காலிறுதியோடு வெளியேறினார்கள், மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெண்கலம்தான் கிடைத்தது. களைத்துப்போன ஆட்டக்காரர்கள் கோச்சுகளுக்கு எதிராகவே கிளம்பினார்கள். லோபனோவ்ஸ்கியோடு சேர்ந்து அணியை நடத்திய பஸிலெவிச் பதவி இழந்தார், லோபனோவ்ஸ்கி தப்பித்தார். பிறகு அவர் 1986-ல் அதே கப் வின்னர்ஸ் கோப்பையைத் திரும்பவும் ஜெயித்தார் என்பது வேற விஷயம்.

இதை வைத்து அறிவியல் தோற்றுப்போச்சு என்று சொல்ல மாட்டேன். லிவர்பூலிலும் அளந்தார்கள், கீவிலும் அளந்தார்கள். இந்த வேலை இந்த உடம்பை என்ன செய்கிறது என்பது லிவர்பூலின் கேள்வி. இந்த உடம்பிலிருந்து இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்பது கீவின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு எல்லை எது என்று மாடலால் சொல்ல முடியவில்லை, ஆட்டக்காரர்கள் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

லின்ஷோப்பிங்: போட்டியாளர்கள் சேர்ந்து எழுதும் கணக்கு

மூன்றாவது கதையின் நாயகர் யான் எக்ஸ்ட்ராண்ட், ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர். 1980-களின் தொடக்கத்திலேயே 12 ஸ்வீடன் அணிகளை எடுத்து, பாதிக்கு வார்ம்-அப், சரியான காலணி, கணுக்கால் கட்டு, முறையான மறுவாழ்வுப் பயிற்சி எல்லாம் சேர்ந்த ஒரு திட்டம் கொடுத்துப் பார்த்தார். அந்த அணிகளில் காயங்கள் மற்ற அணிகளைவிட 75 சதவீதம் குறைவாக இருந்தன.

2001-ல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ ஆதரவோடு அவர் தொடங்கிய வேலை இன்னும் பெரியது. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களின் காய விவரங்களை மாதாமாதம் லின்ஷோப்பிங் குழுவுக்கு அனுப்பணும். கிளப்புக்குக் காய விவரம் என்பது ராணுவ ரகசியம் மாதிரி. மைதானத்தில் ஒருத்தரையொருத்தர் முட்டிக்கொள்பவர்கள் ஒரே பதிவேட்டில் உண்மையை எழுத எப்படிச் சம்மதித்தார்கள்? பெயர் வெளியே வராது, ஒவ்வொரு கிளப்புக்கும் அதன் கணக்கும், பக்கத்தில் எல்லா கிளப்புகளின் சராசரியும் மட்டும் திரும்பக் கிடைக்கும். நடுவில் இருப்பது யாருக்கும் போட்டியாக ஆடாத ஒரு பல்கலைக்கழகக் குழு.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இதில் ஒரு பழகின பிரச்சினை தெரியும். பக் எது என்று நாலு டீம் நாலு விதமாகப் பதிந்தால், யாருடைய கோடு மோசம் என்று சொல்லவே முடியாது. காயமும் அப்படித்தான். அடுத்த பயிற்சியிலோ மேட்ச்சிலோ முழுதாகப் பங்கெடுக்க முடியாமல் செய்தால்தான் அது காயம் என்று ஒரே வரையறை வைத்தார்கள். காயங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், பயிற்சியிலும் மேட்ச்சிலும் செலவான மணி நேரத்தையும் பதிந்தார்கள். அதனால்தான் 1,000 மணி நேரத்துக்கு மேட்ச்சில் 27.5 காயம், பயிற்சியில் 4.1 காயம் என்று ஒப்பிட முடிந்தது. 25 பேர் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் சுமார் 50 காயம், தலைக்கு இரண்டு.

24 கிளப்புகளின் 11 சீசன் கணக்கைப் பார்த்தபோது, காயத்தின் சுமை குறைந்த சீசன்களில் அணியின் நிலையும் மேலேறியது. ஆட்டக்காரரின் நலமும் கிளப்பின் லாபமும் ஒரே திசையில்தான் போகின்றன என்று சொல்ல இது போதும்.

தெரிந்தும் செய்யாதது

அப்படியானால் காயம் குறைந்திருக்கணும் இல்லையா? தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங்கை எடுத்துக்கொள்வோம். 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 24 சதவீதம் ஆகிவிட்டது. இரு மடங்கு.

ஆட்டத்தின் வேகம் ஒரு காரணமாக இருக்கலாம். 2006-07-க்கும் 2012-13-க்கும் நடுவில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் மொத்த ஓட்ட தூரம் சுமார் 2 சதவீதம்தான் கூடியது. முழுப் பாய்ச்சலில் ஓடிய தூரமோ சுமார் 35 சதவீதம் கூடியது. அந்தப் பாய்ச்சலின் பாரத்தைத் தாங்குவது இந்தத் தசைதான்.

இதற்கு மருந்து இல்லாமலும் இல்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய்வது. பெயர் நார்டிக் பயிற்சி, பத்து பைசா கருவி வேண்டாம். டென்மார்க்கில் 50 அணிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். செய்யாத அணிகளில் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயம், செய்த அணிகளில் 15.

அப்புறம் சாம்பியன்ஸ் லீக் கிளப்புகளும் நார்வே முதல்நிலை கிளப்புகளும் இதைக் கடைப்பிடித்தனவா என்று கேட்டுப் பார்த்தார்கள். மூன்று சீசன், 50 கிளப், ஆக 150 கிளப்-சீசன்கள். முழுதாகச் செய்தது 16-ல் மட்டும். உலகின் பணக்கார கிளப்புகளும் இந்தப் பட்டியலில் உண்டு.

எக்ஸ்ட்ராண்ட் குழு இன்னொரு கோணத்திலும் பார்த்தது. தலைமைக் கோச்சுக்கும் மருத்துவக் குழுவுக்கும் பேச்சுவார்த்தை சரியில்லாத கிளப்புகளில் காயத்தின் சுமை அதிகமாக இருந்தது. ஆய்வறிக்கை மேஜையில் இருந்தால் மட்டும் போதாது. இந்தப் பையனை இன்னிக்கு ஓடவிடாதீங்க என்று டாக்டர் சொன்னால், கோச் காது கொடுக்கணும்.

இன்று

2015-லிருந்து மேட்ச்சின்போதே கருவியை உடம்பில் அணிந்து ஆட விதி அனுமதிக்கிறது. ஒரு பயிற்சி நாளிலேயே ரெய்லி ஒரு சீசன் முழுக்கச் சேர்த்ததைவிட அதிக டேட்டா குவிகிறது. ஆய்வு மாணவர்கள் கிளப்புக்குள்ளேயே உட்கார்ந்து, பாதிக் காசு கிளப்பிடமிருந்தும் பாதி பல்கலைக்கழகத்திடமிருந்தும் வாங்கிக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு வேலை செய்வது சகஜமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் கிளப்பில் ஆய்வாளர் வைத்துக்கொள்வதும் பல்கலைக்கழகத்தோடு சேர்வதும் ஒன்றல்ல. டேட்டா சேகரிக்க, சார்ட் போட, கிளப்பால் நாளைக்கே பத்துப் பேரை வேலைக்கு எடுக்க முடியும். கண்டுபிடித்ததை, அது கிளப்புக்குச் சங்கடமாக இருந்தாலும், வெளியே சொல்லும் கடமையைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியாது. பல்கலைக்கழகம் கொண்டுவருவது அதைத்தான்.

ஆகவே, இன்ன கிளப் இன்ன பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது என்று அடுத்த தடவை செய்தி வந்தால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அளக்கப்படும் ஆட்டக்காரர் தன் எண்ணைத் தானே பார்க்க முடியுமா? அடுத்த சம்பளப் பேச்சில் அந்த எண் அவருக்கு எதிராக மேஜைக்கு வருமா? சோதித்த பயிற்சி பலன் தரவில்லை என்றால் அதையும் வெளியிடுவார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அது ஆராய்ச்சி. இல்லையென்றால், பல்கலைக்கழகத்தின் முத்திரை மட்டும் சட்டையில் ஒட்டியிருக்கும் இன்னொரு விளம்பர ஒப்பந்தம்.